38,500 ரூபாய் போய்விட்டது: சுவாச மாநாடு என்று அழைப்பு வந்தால் பணம் கட்டாதீர்கள்

நேற்று முன்தினம் நடந்தது. கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் தம்பி தங்கைகள் யாரும் இதில் விழுந்துவிடக் கூடாது. என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கடலூர்க்காரி. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுத்து உடைக்கும் பெண்களின் நுரையீரல் செயல்திறன்தான் என் ஆய்வு. மூக்கில் கிளிப் மாட்டி, ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியின் குழாயை வாயில் வைத்து, "ஊதுங்கள் அக்கா, இன்னும், இன்னும், நிறுத்தாதீர்கள்" என்று மூச்சு தீரும்வரை ஊதவைக்க வேண்டும். மூன்று முறையாவது சரியாக வர வேண்டும். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி ஊதிக் கொடுத்தார்கள். ஓர் அக்கா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். அப்படிச் சேர்ந்தவைதான் 112 பேரின் அளவுகள்.

அந்த ஆய்வுச் சுருக்கத்தை, சர்வதேச மாநாடுகள் நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இணையதளத்தில் பதிவேற்றினேன். இரண்டே நாளில் ஏற்புக் கடிதம் வந்தது. மனத்தில் ஏதோ உறுத்தியது. அன்று மாலையே ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல தமிழ். இன்னும் பட்டம் வாங்காத என்னை "டாக்டர்" என்றார். "பண்ருட்டிப் பெண்கள் படும் பாட்டை ஐரோப்பியப் பேராசிரியர்கள் கேட்க வேண்டாமா?" என்றார். அங்கேதான் விழுந்தேன். மூன்று ஆண்டுகளில் என் ஆய்வைப் பற்றி அவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை.

பதிவுக் கட்டணம் 14,500. இளம் ஆய்வாளருக்கு வெளிநாட்டு ஆய்வகத்தில் பயிற்சி வாங்கித் தருவதற்கான பரிசீலனைக் கட்டணம் 24,000. ஆக 38,500 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன்.

மாநாட்டு நாளன்று என் ஆய்வை விளக்கும் போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு காலை ஆறு மணி பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனேன். ஹோட்டல் வரவேற்பில் இருந்த தம்பி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி எதுவும் இங்கே இல்லை அக்கா. காலையிலிருந்து நீங்கள் நான்காவது ஆள்" என்றார். அவர்கள் சொன்ன அரங்கின் வாசலில் யார் வீட்டு வளைகாப்புக்கோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே நின்று அழைத்தேன். முதலில் மழையால் ஒத்திவைப்பு என்றார்கள். வெளியே சுள்ளென்று வெயில். அடுத்த அழைப்பில் மாநாடு இணையவழிக்கு மாறிவிட்டது என்றார்கள். பிறகு, பணம் திரும்ப வர 45 வேலை நாள் ஆகும் என்றார்கள். அதன்பின், பணமாகத் தர முடியாது, அடுத்த மாநாட்டில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். என்னை "டாக்டர்" என்று அழைத்த அதே குரல், "கத்தாதீர்கள்" என்று சொல்லித் துண்டித்தது. இப்போது அந்த எண்ணே இல்லை. வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம் என்கிறார்கள். 38,500 ரூபாய்!

பணத்தைவிட வயிறு எரிவது இன்னொன்றுக்கு. என் ஆய்வுச் சுருக்கத்தை அவர்கள் தளத்தில் வெளியிட்டுவிட்டார்கள். ஏற்கெனவே வெளியானது என்று நல்ல ஆய்விதழ் நாளை தயங்கினால் அந்த அக்காக்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நீக்கச் சொல்லி ஆறு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

விவரமாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். இரண்டு நாளில் ஏற்புக் கடிதம் வந்தால் நம்பாதீர்கள். ஐரோப்பிய சுவாசவியல் சங்கம் செப்டம்பரில் நடத்தும் மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே சுருக்கங்களை வாங்கி, மதிப்பிட்ட பிறகே முடிவு சொல்கிறார்கள். பேச்சாளர் பட்டியலில் இருப்பவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரிய பெயர்களை அனுமதியில்லாமல் போட்டுக்கொள்வது பழைய வித்தை. 2019இல் இத்தகைய ஏமாற்றுகளுக்காக ஹைதராபாத் நிறுவனம் ஒன்றுக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்கு தனி ஆள் பெயரில் இருந்தால் கட்டாதீர்கள். என் பணம் அப்படித்தான் போனது. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நான் ஒரு நாள் தாமதித்துவிட்டேன்.

நேற்றிரவு அதே தளத்தில் புதிய அறிவிப்பு வந்திருக்கிறது. அடுத்த மாதம், கோயம்புத்தூர். பேச்சாளர் படங்கள்கூட மாறவில்லை. அதற்குப் பணம் கட்டியவர்கள் இன்றே அறிவிப்பில் உள்ள ஹோட்டலுக்குப் போன் செய்து கேளுங்கள்.