கொல்லம் ஆண்டு தெரியாத பைண்டர்

பாறசாலையில் ஆதாரம் (சொத்துப் பத்திரத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) எழுதும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். ஸ்கேன் செய்த ஆவணங்களை மின்-பைண்டர்களாக அடுக்கித் தரும் மென்பொருள் ஒன்றின் சந்தா இப்போது குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். குமரி மாவட்டத்துக் குழித்துறையில் எங்கள் வழக்கறிஞர் அலுவலகம் அதே மென்பொருளைத்தான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. அதன் பெயரை எழுதி விளம்பரத்தையோ வழக்கையோ தேடிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. கொள்ளளவு, விலை, எந்தக் கணினியில் ஓடும் என்பனவற்றை அவர்களுடைய தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்கேனைப் பல பைண்டர்களில், நகல் எடுக்காமலே, ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது சொத்து ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை அதை உருவாக்கியவர்களே உணர்ந்திருப்பார்களா என்பது ஐயம்தான். தாத்தா பெயரிலுள்ள ஒரு முன்னாதாரம், பாகப்பிரிவினைக்குப் பிறகு நான்கு மக்களுடைய கோப்புகளிலும் இருந்தாக வேண்டும். காகிதத்தில் என்றால் நான்கு ஜெராக்ஸ் எடுத்து வைப்போம். மறு நில அளவைக்குப் பின் சர்வே எண் மாறியிருப்பதை அவற்றில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் யாரோ பென்சிலால் குறித்திருப்பார்கள், மற்ற மூன்றும் பழைய எண்ணோடே கிடக்கும். இங்கே ஓரிடத்தில் எழுதிய குறிப்பு நான்கு பைண்டர்களிலும் தெரிகிறது. பழைய எண், புதிய எண் இரண்டையும் குறிச்சொற்களாகச் சேர்த்துவிட்டால், கட்சிக்காரர் எந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் கோப்பு கைக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவு யோசித்துச் செய்தவர்கள் தேதியில் கோட்டை விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் மாவட்டமாக அமைந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. ஆகவே எங்கள் பழைய ஆதாரங்களில் பெரும்பாலும் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 1112 மகர மாதம் என்றிருந்தால் அது 1937. சிங்க மாதம் முதல் தனு மாதத்தின் பாதிவரை 824-ஐயும், அதற்குப் பிறகு 825-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக் குமாஸ்தாக்களுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். மென்பொருளின் தேதிக் கட்டத்துக்கு ஆங்கில நாட்காட்டியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதை நாம் நிரப்பும்வரை அது காத்திருப்பதுமில்லை. பக்கத்தில் கண்ணில் படும் எண்ணைத் தானாகவே எடுத்து எழுதிக்கொள்கிறது. கைப்பட எழுதிய மலையாளத்தை அதனால் படிக்க இயலாது. படிக்க முடிவது, பதிவு அலுவலகம் சான்றிட்ட நகல் வழங்கியபோது அடியில் குத்திய முத்திரையைத்தான். அந்த நகல் 2009-இல் வாங்கியது என்றால், 1937-இன் ஆதாரம் 2009-க்குப் போய், அதிலிருந்து பிறந்த 1984-ஆம் ஆண்டின் கிரயத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். தட்டச்சு செய்த நகலாக இருந்தால் இன்னும் விசேஷம்: 1112 என்பதை அப்படியே ஏற்று, குழித்துறைத் தென்னந்தோப்பு ஒன்றை முதலாம் குலோத்துங்கன் காலத்துக்குக் கொண்டுபோய்விடும். வங்கிக் கடனுக்குச் சட்டக் கருத்து எழுதுகிறவருக்கு உரிமைத் தொடர்ச்சி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வர வேண்டும். தாய்ப் பத்திரம் பிள்ளைப் பத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் பைண்டரை அவரிடம் எப்படிக் கொடுப்பது?

கையால் திருத்தலாம், திருத்துகிறோம். ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் எழுத்துணரி (ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் பகுதி) எல்லாப் பக்கங்களையும் மறுபடி படித்து, நாம் திருத்திய தேதியை அழித்துவிட்டுத் தன் தேதியையே திரும்ப எழுதுகிறது. முறையிட்டதற்கு வந்த பதில், கொல்லம் ஆண்டுக்கென்று தனியாக ஓர் எழுத்துக் கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது. எழுத்துக் கட்டம் அகரவரிசையில்தான் அடுக்கும். பத்தாம் மாதமாகிய இடவம் முதலில் வரும், ஆண்டைத் தொடங்கி வைக்கும் சிங்கம் கர்க்கடகத்துக்கும் பின்னால் போய் நிற்கும். பணிவாக எழுதப்பட்ட பதில்தான், ஆனால் எழுதியவர் அதைத் தாமே ஒருமுறை செய்து பார்த்திருக்க மாட்டார்.

எழுத்துணரியைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இயங்குவது டெசராக்ட், எச்.பி. நிறுவனத்தில் 1980-களில் உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. அச்சிட்ட தமிழையும் மலையாளத்தையும் நன்றாகவே படிக்கிறது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பி.டி.எஃப். கோப்புகளில் மட்டும் கவனம் வேண்டும்: திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்குவியல். ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று நம்பி மென்பொருள் அவற்றைப் படிக்காமல் விட்டுவிடும். மீண்டும் படிக்கும்படி அமைப்பில் கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடுகிறது.

இப்போது நாங்கள் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஆங்கில ஆண்டோடு தொடங்கி, தேதி வரிசையை அணைத்துவிட்டு, பெயர் வரிசையில் அடுக்கி வேலையை ஓட்டுகிறோம். இதற்குச் சாதாரணக் கோப்புறையே போதுமே, சந்தா எதற்கு என்று எங்கள் இளைய வழக்கறிஞர் கேட்கிறார், நியாயமான கேள்விதான்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கையாளும் ஆதாரங்களிலும் கொல்லம் ஆண்டுக்குக் குறைவிருக்காது. அவருக்கும் இதே தலைவலிதான் காத்திருக்கிறது. அடுத்த நாள் எங்கள் சந்தாவைப் புதுப்பித்தேன். விட்டுவிடலாம் என்று கோப்புகளை வெளியே எடுத்துப் பார்த்தபோது, நான்கு பைண்டர்களுக்கும் பொதுவாயிருந்த முன்னாதாரம் நான்கு தனித்தனி நகல்களாக வெளியே வந்தது; ஓரக்குறிப்பு அவற்றில் ஒன்றில்கூட இல்லை.