கியோஸ்க்கா, மேசையில் கியூஆர் கோடா?

செல்ஃப் சர்வீஸ் டிபன் கடையில் கல்லா வரிசையைக் குறைக்க இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் யோசிக்கிறார்கள்: வாடிக்கையாளரே திரையைத் தொட்டு ஆர்டர் சொல்லும் இயந்திரம் (கியோஸ்க்), அல்லது தன் போனில் ஸ்கேன் செய்து ஆர்டர் சொல்லும் மேசை கியூஆர்.

கியோஸ்க் செலவு பிடிக்கும். ஆனால் ஆர்டர் சொல்ல வாடிக்கையாளரின் போனில் சார்ஜோ சிக்னலோ தேவையில்லை. மக்கர் செய்வது பெரும்பாலும் திரையல்ல, உள்ளிருக்கும் 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர் (மையில்லாமல், சூட்டால் தாளைக் கறுக்கவைத்து அச்சிடுவது). ரோலைத் திருப்பிப் போட்டால் வெற்றுத் தாள்தான் வரும். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுக்கும் பக்கம்தான் அச்சாகும். பணம் போய், டோக்கன் வராவிட்டால் காலை 8 மணிக் கூட்டத்தில் சண்டைதான். அதனால் டோக்கன் எண் திரையிலும் தெரியும்படி அமையுங்கள்.

கியூஆர் மலிவு. மேசை எண் கோடுக்குள்ளேயே இருப்பதுதான் அதன் வசதி, வம்பும் அதுவே: துடைப்பவர் ஸ்டாண்டை மாற்றி வைத்தால் 4-ஆம் மேசை நெய் ரோஸ்ட் 7-க்குப் போய்விடும். மேசையிலேயே ஒட்டிவிடுங்கள். பளபளப்பு லேமினேஷன் விளக்கொளியில் ஸ்கேன் ஆகாமல் படுத்தும், மேட் நல்லது. மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பும் மோசடியும் உண்டு, கடை திறக்கும்போது எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

நின்று சாப்பிட்டுக் கிளம்பும் கடைக்கு கியோஸ்க். உட்கார்ந்து, கடைசியில் இன்னொரு காபி சொல்லும் கடைக்கு கியூஆர். பொங்கல் தீர்ந்ததும் மெனுவில் அணைக்க ஆள் இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம்.