எலியின் காதா, சோதனைக் குழாயா?

நறுமண எண்ணெய் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புமா என்று முன்கூட்டியே அறிய இரண்டு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன.

பழையது எல்எல்என்ஏ (LLNA) என்ற நிணநீர்க் கணுச் சோதனை. சுண்டெலியின் காதுப் பின்புறத்தில் தொடர்ந்து மூன்று நாள் எண்ணெயைத் தடவி, ஆறாம் நாள் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் செல்கள் எவ்வளவு பெருகின என்று அளப்பார்கள். எண்ணெய் தடவாத எலிகளைவிட மூன்று மடங்கு பெருகினால் ஒவ்வாமை ஊக்கி என்று கணக்கு. வெறும் எரிச்சலூட்டும் பொருளும் சில நேரம் இதில் மாட்டிக்கொள்ளும்.

புதியது டிபிஆர்ஏ (DPRA) என்ற பெப்டைடு வினைச் சோதனை. இதில் எலி இல்லை. சிஸ்டீன், லைசின் என்ற அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடுகளோடு, அதாவது குட்டிப் புரதத் துண்டுகளோடு, பொருளை 24 மணி நேரம் கலந்து வைத்து, பெப்டைடு எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். ஒவ்வாமையின் முதல் படியே, அந்நியப் பொருள் நம் தோல் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதுதானே!

சரி, எண்ணெய்க்கு எது பொருந்தும்? இங்கேதான் சிக்கல். டிபிஆர்ஏவில் பொருளையும் பெப்டைடையும் மோல் கணக்கில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை விகிதத்தில், கலக்க வேண்டும். லாவெண்டர் எண்ணெயோ பல வேதிப்பொருள்களின் கலவை. அதற்கு ஏது ஒற்றை மூலக்கூறு எடை? எலிச் சோதனையில் சதவீதக் கரைசலே போதும். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களுக்கு 2013 முதல் விலங்குச் சோதனைக்கு முழுத் தடை. என் தேர்வு டிபிஆர்ஏவோடு ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் செய்யும் சோதனைகளையும் சேர்த்துப் பார்ப்பது.

எந்தச் சோதனையானாலும் புதுப் புட்டியை மட்டும் சோதித்தால் போதாது. நறுமண எண்ணெய்களில் உள்ள லினலூல், லிமோனீன் என்ற வேதிப்பொருள்கள் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் வம்பு செய்கின்றன.