மாணவ முதல்வர்களை வளர்க்க எது உதவும்: ஆளுமைச் சோதனையா, கோச்சிங்கா?

யாழ்ப்பாணப் பாடசாலைகளில் மாணவ முதல்வர்களுக்குச் சின்னம் சூட்டும் நாள் பெரிய நாள். பெற்றோர் வருவார்கள், அதிபர் பேசுவார், படம் எடுப்பார்கள். அடுத்த நாள் காலையில் அதே பிள்ளை வாசலில் நின்று, தன்னோடு ஒரே வாங்கில் இருக்கும் சிநேகிதியை, பிந்தி வந்ததற்காக மறிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வதென்று பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையோ ரொறொன்ரோக் கிளையோ இதற்கென்று பணம் தர முன்வந்தால் என்ன செய்வது? ஆளுமைச் சோதனை ஒன்றை வாங்கி எல்லாருக்கும் கொடுப்பதா, கேள்வி கேட்டே பிள்ளையைத் தானாக வழி தேட வைக்கும் லைஃப் கோச் ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் பிள்ளைகளோடு கதைக்க விடுவதா?

சோதனைகளில் அதிகம் பேர் கேள்விப்பட்டது மையர்ஸ்-பிரிக்ஸ். கார்ல் யுங் 1921-இல் எழுதியவற்றை அடிப்படையாக வைத்து, காதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. மனிதரை 16 வகையாகப் பிரிக்கும். செய்வது சுலபம், முடிவும் கேட்க இனிமையாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், சில வாரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்பவர்களில் கணிசமானோர் வேறு வகைக்குள் போய் விழுகிறார்கள். இரண்டு வகைகளைப் பிரிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒரு பதிலை மாற்றினாலே பெயர் மாறிவிடும். சின்னம் சூட்டும் வயதில் ஒரு பிள்ளை கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுதானே இயல்பு?

"என்னை அப்படியே சொல்லிவிட்டது" என்று பிள்ளைகள் வியப்பதையும் ஆதாரமாக எடுக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1949-இல் வெளியிட்ட ஆய்வில், 39 மாணவர்களுக்கு "இது உங்கள் ஆளுமை" என்று சொல்லி, எல்லாருக்கும் ஒரே குறிப்பையே கொடுத்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று கேட்டபோது அவர்கள் போட்ட சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26.

ஐந்து பெரும் பண்புகளை அளக்கும் 'பிக் ஃபைவ்' வினாக்கொத்துகள் மையர்ஸ்-பிரிக்ஸைவிட நம்பத்தக்கவை. அவை வகை பிரிப்பதில்லை. புதியதை ஏற்றல், கடமையுணர்வு, பிறரோடு கலத்தல், இணங்கிப்போதல், மனப்பதற்றம் ஆகிய ஒவ்வொன்றிலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும். இலவசமாகவே கிடைக்கும் வடிவங்களும் உண்டு. பழைய ஆய்வுகளைத் திரட்டி ஜட்ஜ் என்பவரும் கூட்டாளிகளும் 2002-இல் கணக்குப் பார்த்தபோது, பிறரோடு கலக்கும் பண்புக்கும் தலைமைக்கும் உள்ள தொடர்பு 0.31, கடமையுணர்வுக்கு 0.28 என்று வந்தது (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). தொடர்பு இருக்கிறது. ஆனால் ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்து "நீ தலைவர், நீ இல்லை" என்று சொல்ல அது போதவே போதாது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே பேசாமல் இருப்பதை நல்ல வளர்ப்பு என்கிறோம். வினாக்கொத்து அதையே ஒதுங்கும் சுபாவமாக எண்ணிவிடலாம். பாடசாலை, ரியூசன், வீடு என்று சுற்றும் உயர்தர மாணவியிடம் விருந்துகளில் எப்படிப் பழகுவாய் என்று கேட்டால் அவள் எதை நினைத்துப் பதில் போடுவாள்?

அதற்காகச் சோதனையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு பின்நேரத்துக்குள் நாற்பது பேருக்குச் செய்து முடிக்கலாம். "அவன் வேண்டுமென்று தாமதிக்கவில்லை, யோசித்துத்தான் முடிவெடுப்பான்" என்று மாணவ முதல்வர் சபைக்குள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளக் கதை தொடங்கும். இந்த நோக்கத்துக்கு எனக்குப் பிடித்தது 2004-இல் பீற்றர்சனும் செலிக்மனும் வகுத்த 24 நற்பண்புகளின் பட்டியலை வைத்து அமைத்த வினாக்கொத்து. பிள்ளைகளுக்கென்றே அதில் இலவச வடிவம் உண்டு. குறையைத் தேடாமல் பலத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

சரி, கோச்சிங்குக்கு வருவோம். ரிமதி கால்வே என்ற ரெனிஸ் பயிற்றுநர் 1970-களில், ஆட்டக்காரருக்குக் கட்டளை போடுவதைவிட அவரையே கவனிக்க வைப்பது பலன் தரும் என்று கண்டார். ஜோன் விற்மோர் போன்றவர்கள் அந்த வழியை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பரவிய 'குரோ' முறையில் நாலு படிகள்: என்ன வேண்டும், இப்போது என்ன நடக்கிறது, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறாய்.

வாசலில் நின்ற பிள்ளையிடமே திரும்பிப் போவோம். அவள் சிநேகிதியை மறிக்காமல் விட்டுவிட்டாள், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். சோதனை அறிக்கை அவளுக்கு இணங்கிப்போகும் குணம் அதிகம் என்று சொல்லும். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கோச்சிங் தெரிந்த ரீச்சர் கேட்பார்: "உமக்கு இதில என்ன நடக்கவேணும்?" சிநேகிதத்தையும் விடக்கூடாது, நேர்மையையும் விடக்கூடாது என்பாள். "அவவோட இதைப்பற்றி ஒருநாளாவது கதைச்சனீரா?" இல்லை. பிறகு அவளே வழி தேடுவாள்: தனியாகக் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்லலாம், வாசல் கடமையை வேறொருவரோடு சேர்ந்து செய்யலாம். "எப்ப கதைக்கப்போறீர்?" வெள்ளிக்கிழமைக்குள். அடுத்த கிழமை ரீச்சர் அதைக் கேட்பார். தலைமை என்பது இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கடினமான கதைகளில்தான் பழகுகிறது. அந்தப் பழக்கத்தை எந்த அறிக்கையும் தராது.

சான்றும் ஓரளவு உண்டு. அமெரிக்காவில் 13,000-க்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து பெற்றிஞ்சர், பேக்கர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். யாருக்குக் கோச் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்திருந்தார்கள். கோச் கிடைத்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்ந்த வீதம் சுமார் ஐந்து சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. இது தலைமைத்துவத்தை அளந்த ஆய்வு அல்ல. ஆனாலும் தொடர்ந்து ஒருவர் கேட்பதால் நடத்தை மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம்.

குறைகளும் பெரியவை. நேரம் தின்னும். உயர்தரப் பரீட்சைக்கு ஓடும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மாதத்தில் ஒரு மணித்தியாலமே பாரமாகத் தெரியும். லைஃப் கோச் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், உரிமம் எதுவும் தேவையில்லை. மேடையில் ஏறி இரண்டு மணித்தியாலம் கை தட்ட வைப்பவரைக் கோச் என்று நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது. எங்கள் ஆசிரியர்களுக்குப் புத்தி சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பதும் கடினம், "சேர் சொன்னால் சரி" என்று பழகிய பிள்ளைக்குத் தானே பதில் தேடுவதும் கடினம். இரண்டு தரப்புக்கும் ஒரு தவணையாவது பிடிக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போர் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். இலக்கைப் பற்றிய கதை திடீரென்று வீட்டுத் துயரத்துக்குத் திரும்பலாம். அங்கே கோச் நிறுத்த வேண்டும். பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமோ, சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையத்திடமோ பிள்ளையைச் சேர்ப்பதுதான் முறை. அந்த எல்லையைத் தெரியாதவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கவே கூடாது.

ஒன்றுக்குத்தான் பணம் உண்டென்றால் நான் கோச்சிங்கைத்தான் எடுப்பேன். அதுவும் வெளியாளுக்கு மணித்தியாலக் கணக்கில் கட்டாமல், நாலைந்து ஆசிரியர்களையும் ஊரில் இருக்கும் பழைய மாணவர்களையும் முறையாகப் பயிற்றுவிக்கச் செலவழிப்பேன். ஆட்கள் மாறினாலும் திறமை பாடசாலையில் தங்கும். இலவசச் சோதனை ஒன்றை முதல் சந்திப்பில் கதை தொடங்க வைக்கலாம். ஆனால் மாணவ முதல்வர்களைத் தெரிவு செய்ய எந்தச் சோதனையையும் பயன்படுத்தக் கூடாது. அறிக்கை பிள்ளையின் கையில் மட்டும் இருக்கட்டும், அதிபரின் கோவைக்குள்ளோ பெற்றோர் கூட்டத்துக்கோ போகவேண்டாம்.