டாமின் சார்ஜரா, பிரையனின் சுப்ராவா?

2001-இல் வந்த முதல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தின் கடைசி ரேஸில் மோதுபவை இந்த இரண்டு கார்களும்தான்.

தெரு ரேஸ் கும்பலின் தலைவர் டாமின் கறுப்பு 1970 டாட்ஜ் சார்ஜர், அவரும் அப்பாவும் சேர்ந்து கட்டியது. 900 குதிரைத்திறன் என்கிறார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பானெட்டைப் பிளந்துகொண்டு துருத்தி நிற்கும். மிதித்தால் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். ஆனால் அந்தக் கடைசி ரேஸ் வரை அவர் அதை ஓட்டியதே இல்லை. பயம்! அப்பா ரேஸில் எரிந்து செத்தவர். அந்த வண்டி கராஜில் கிடக்கும் துக்கம்.

பிரையனின் ஆரஞ்சு டொயோட்டா சுப்ரா வந்து இறங்கும்போது வெறும் காயலான் கடைச் சரக்கு. உள்ளே இருப்பதோ 2ஜேஇசட் எஞ்சின்: 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுபவை). அமெரிக்காவில் கம்பெனி தந்ததே 320 குதிரைத்திறன். எஞ்சினின் உடல் (பிளாக்) இரும்பு என்பதால் பெரிய டர்போ மாட்டினாலும் தாங்கும். ரகசிய போலீஸான பிரையனும் அப்படித்தான், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. (படத்தில் ஓடிய சுப்ரா 2021-இல் 5,50,000 டாலருக்கு ஏலம் போனது.)

மிரட்டலுக்கு சார்ஜர், சரி. எனக்குப் பிடித்தது சுப்ராதான். அந்தக் கடைசி ரேஸில் ரயிலை மயிரிழையில் தாண்டியதும் சார்ஜர் லாரியில் மோதிக் கவிழ்கிறது. போலீஸ் சைரன் நெருங்குகிறது. டாம் தப்பிக்க, பிரையன் சுப்ராவின் சாவியை அவரிடம் நீட்டுகிறார்.