பினாங்கு கடலோரக் காட்டு நடைக்கு எந்தச் சப்பாத்து? சில ஆண்டு அனுபவம்

பினாங்கு தேசியப் பூங்காவுக்கு முதல்முறை நடக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வாட்டர்புரூஃப் சப்பாத்து வாங்கட்டுமா?" வேண்டாம் என்பேன். பல ஆண்டுகளாக அந்தக் காட்டில் வெயிலிலும் மழையிலும் நடந்து, நாலு வகைக் காலணிகளைத் தேயும்வரை போட்டுப் பார்த்த பிறகு சொல்கிறேன். நம் ஊர்க் கடலோரத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கவே முடியாது. வந்த தண்ணீர் சீக்கிரம் வெளியே போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். தெலுக் பஹாங்கில் உள்ள இந்தப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்தது. பரப்பு சிறியதுதான், ஆனால் ஒரே காலையில் காலுக்குக் கீழே தரை மாறிக்கொண்டே இருக்கும். வாசலை ஒட்டிச் சீரான நடைபாதை. அப்புறம் தெலுக் டுயோங் கடற்கரைப் பக்கம் திரும்பினால் வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒற்றையடிப் பாதை, அலை தொடும் கருங்கல் பாறைகள், இடையிடையே மணல். அங்கிருந்து 1883இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுவது மூச்சு வாங்க வைக்கும். பந்தாய் கெராச்சுட் கடற்கரைப் பக்கம் போனால் குன்றைத் தாண்ட வேண்டும், மழை பெய்திருந்தால் களிமண் இறக்கம் வழுக்கும். போதாததற்கு ஏப்ரல் மாதத்திலும் பிற்பகலில் மழை கொட்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கேட்கவே வேண்டாம்.

முதலில் கணுக்கால் உயரத்து வாட்டர்புரூஃப் பூட்ஸ். என் மச்சான் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஜோடி. குளிர்நாட்டு மலைக்கு அருமையான பொருள், அதில் சந்தேகமில்லை. அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, வியர்வை ஆவியை வெளியே விட்டு மழையை உள்ளே விடாது. ஆனால் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும்போது அந்த ஆவி எங்கே போகும்? ஒரு மணி நேரத்தில் காலுறையைப் பிழியலாம். ஓடையில் கால் வைத்தாலோ அலை அடித்தாலோ பூட்ஸின் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரை அதே சவ்வு வெளியே விடாது. மழைக்காலத்தில் அது உலர இரண்டு மூன்று நாளாகும், அதற்குள் நாற்றம் பிடித்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சோல். இத்தகைய பூட்ஸ் பலவற்றில் நடுச்சோல், அதாவது பாதத்துக்கும் அடிச்சோலுக்கும் இடையில் உள்ள மெத்தை, பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரையில் செய்யப்பட்டிருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த காற்றில் அந்தப் பொருள் மெல்லச் சிதையும், போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சிதையும். நண்பர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்த ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கெராச்சுட் வந்தார். பார்க்கப் புத்தம் புதியது. குன்றின் மேலேயே ஒரு கால் சோல் வாய் பிளந்தது, கடற்கரை வந்து சேர்வதற்குள் மற்றதும் கழன்றது. பைக்கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பினார். ஆகவே பழைய ஜோடியை எடுக்கும் முன் நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடி உதிர்ந்தாலோ அதைப் போட வேண்டாம்.

இப்போது நான் அதிகம் போடுவது வலைத்துணி மேல்பாகம் கொண்ட டிரெயில் ரன்னிங் சப்பாத்து, அதாவது காட்டுப்பாதையில் ஓடுவதற்கான சப்பாத்து. வாட்டர்புரூஃப் இல்லாத வகை, அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு வகையும் விற்பார்கள். ஓடையில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போய்விடும். இதன் நடுச்சோல் பெரும்பாலும் ஈவிஏ என்ற வேறொரு செயற்கை நுரை, அது பாலியூரித்தேன்போல ஈரத்தில் சிதையாது. அடிச்சோலின் பற்கள் 4, 5 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ரப்பர் சற்று மென்மையாக இருந்தால்தான் ஈரப்பாறையில் பிடிக்கும். குறை என்றால், வலைத்துணி வழியே நுண்மணல் புகும். சுண்டுவிரல் மடியும் இடத்தில் துணி முதலில் கிழியும், நான் போட்ட எல்லா ஜோடியும் அங்கேதான் போயிற்று. கடல்நீர் பட்ட சப்பாத்தை அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். விட்டால் உப்பு காய்ந்து தையலைத் தின்னும். உள்தட்டை வெளியே எடுத்து, பழைய நாளிதழைத் திணித்து நிழலில் வையுங்கள். சுள்ளென்ற வெயிலில் வைத்தால் ஒட்டிய பசை இளகும்.

அடுத்தது மழைக்காலத்தில் நான் எடுக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. கம்போங் அடிடாஸ் என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான், அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழுக்க ஒரே வார்ப்பு, அடியில் கால்பந்துச் சப்பாத்துபோல் முட்டு முட்டாகப் பற்கள். கழன்று விழத் தனிச் சோலே கிடையாது. ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கெடாவில் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய என் அம்மா காலில் வருடக்கணக்காக இருந்தது இந்தச் சப்பாத்துதான். விடியும் முன்னே, ஈரச் சரிவில், வாளியோடு நடந்தவர்களின் காலணி இது. களிமண் இறக்கத்தில் இது பிடிப்பதுபோல எதுவும் பிடிப்பதில்லை. மலைவழிகாட்டிகள் பலர் இன்றைக்கும் இதையே போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து குழாயடியில் காட்டித் துடைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் ஈரக் கருங்கல்லில் இது ஆபத்து. கெட்டி ரப்பர் முட்டுகள் பாறையில் ஊன்றாமல் சறுக்கும். தெலுக் டுயோங் பாதைக்கு இதைப் போட மாட்டேன், கெராச்சுட்டுக்கு மட்டும்தான். உள்ளே மெத்தையும் கிடையாது, காற்றும் போகாது. வாங்கிய அன்று அம்மா சொன்னது: "காலுறை இல்லாம போடாதடா, குதிகால அறுத்துரும்." முழங்காலுக்குக் கீழ்வரை வரும் காலுறையும், சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக வாங்கி உள்ளே தனியாக ஒரு தட்டும் போட்டால் நாள் முழுக்க நடக்கலாம்.

வாரப்பட்டை செருப்பு பற்றியும் கேட்கிறார்கள். கடற்கரையில் சுகம், காட்டுப்பாதையில் வேரில் விரல் இடித்து நகம் பெயரும். பையில் எடுத்து வந்து, கடற்கரையில் மாற்றிக்கொள்ளலாம். பாறைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற கூரான ஓடுள்ள சிற்றுயிர் பாதத்தைக் கிழிக்கும் என்பதால் அங்கே வெறுங்காலோடு ஏற வேண்டாம்.

எதைப் போட்டாலும் பருத்திக் காலுறையைத் தவிருங்கள். நனைந்தால் உலராது, ஈரத்தோல் உராய்ந்துதான் கொப்புளம் வருகிறது. மெல்லிய செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி போதும், உலர்ந்த இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். சப்பாத்தை மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் விட வேண்டும். இறக்கத்தில் விரல் முன்னே போய் இடித்தால் மறுவாரம் நகம் கறுத்துவிடும்.