கத்தி நல்ல கத்திதான், நுரையை எங்கே துடைக்கிறது?

போன கிழமை என் மடக்குச் சவரக்கத்தியின் பிடியில் இருந்த ஆணி கழன்றுவிட்டது. கழன்றது என்பது மரியாதைக்குச் சொல்வது, துரு தின்று முடித்திருந்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகை வேலை செய்யும் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பித்தளைக் கம்பியை அளவாக நறுக்கிச் செருகி, இரண்டு பக்கமும் சின்னச் சுத்தியலால் தட்டித் தந்தார். காசு வாங்கவில்லை, "இந்தக் காலத்தில இதுவும் ஒரு சாமானோ" என்று ஒரு பார்வை மட்டும். இதைக் கேள்விப்பட்ட மச்சான் தானும் ஒன்று வாங்கட்டோ என்று கேட்கிறான். போனில் சொல்லி முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

கத்தி சோலிங்கன் என்ற ஜேர்மன் ஊரில் செய்தது, அலகின் அகலம் 5/8 அங்குலம், பெரியப்பா ஜேர்மனியில் இருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தது. நாலு வருடமாக இதில்தான் சேவ் எடுக்கிறேன். சேவைப் பற்றி ஒரு குறை சொல்ல வாய் வராது. முன்பெல்லாம் கழுத்தடியில் சிவந்து சிவந்து வரும் பருக்கள் இப்போது இல்லை.

என் சண்டை முழுக்க நுரையோடு. சாதாரண ரேஸரைத் தண்ணீருக்குள் விட்டு இரண்டு ஆட்டு ஆட்டினால் விஷயம் முடிந்தது. இதில் ஒவ்வொரு இழுப்புக்கும் நுரையும் மயிருமாக அலகில் குவிந்து நிற்கும், அதை எடுக்காமல் அடுத்த இழுப்புக்குப் போனால் கத்தியின் வாய் முகத்தில் எங்கே படுகிறது என்றே தெரியாது. சரி, எடுத்து எங்கே விடுவது? ஒரு கன்னத்துக்கே ஏழெட்டுத் தரம் இந்தக் கேள்வி வரும்.

முதல் வருடம் குழாயடியில் பிடித்தேன். ஒருநாள் பைப்பின் மூக்கில் 'டிக்' என்று பட்டது, அவ்வளவுதான், வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொளி. அதைக் கல்லில் தீட்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பொளியைவிட மோசம், தண்ணீர் பிடிக்குள் ஓடி ஆணியடியில் தங்கிவிடும், நாம் வெளியில் துடைத்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். கத்தி கார்பன் உருக்கு, ஊர் கடற்காற்று அடிக்கிற ஊர். நான் பத்தரிடம் போனதற்குக் காரணம் இதைத் தவிர வேறில்லை.

அடுத்தது துவாய். கத்தியின் முதுகு முன்னால் போக, வெட்டுகிற வாய் பின்னால் இழுபட, அலகைப் படுக்கவைத்துத் துடைக்க வேண்டும். நித்திரைத் தூக்கத்தில் மறுபக்கமாக இழுத்து இரண்டு துவாய் கிழிந்தது. வீட்டில் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இதற்குள் நம்முடைய தண்ணீர் வேறு. இங்கே கிணறெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியது, கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரில் இருக்கிற கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பசையாகிவிடுகிறது, நுரை திரிந்த பால் மாதிரி நிற்கும். அது அலகில் காய்ந்தால் சாம்பல் படலம். அதோடு தோல்வாரில் தீட்டினால் வாரும் அழுக்கு, அடுத்த நாள் கத்தியும் மயிரைப் பிடித்து இழுக்கும். ஒருவர் சொன்னார் என்று வினாகிரி போட்டு ஊறவிட்டேன், படலம் போனது, இரும்பு கறுத்துத் தழும்பு விழுந்தது, அது இன்றைக்கும் இருக்கிறது. மாரியில் கூரைப் பீலியில் பிடித்த மழைத்தண்ணீரில் குழைத்தால் அதே சவர்க்காரம் பாதி அளவு போதும், அலகில் ஒட்டவே ஒட்டாது. ஐப்பசி கார்த்திகையில் நான் நல்ல மனுசன். மற்ற மாதங்களில் கொதித்து ஆறிய தண்ணீர்தான், சுண்ணாம்பில் கொஞ்சமாவது கேத்திலோடு நின்றுவிடும்.

கடைசியில் வழி சொன்னவர் கொக்குவிலில் நான் தலைமயிர் வெட்டப் போகும் சலூன் ஐயா. அவரே இப்போது பாதி பிளேடு செருகும் கத்திதான் பாவிக்கிறார், ஆனால் பழைய கத்தியில் கை பழகியவர். "தண்ணிக்குள்ள ஏன் விடுறீங்கள் தம்பி? பேப்பரில வழிச்சு விடுங்கோ" என்றார். இவ்வளவு காலமும் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, அவர் நுரையைப் பேப்பர் துண்டில் வழிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்!

இப்போது உள்ளங்கை அகலத்துக்கு நாலு துண்டு கிழித்து வைத்துக்கொள்வேன். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் எடுப்பதில்லை, யாரோ ஒருவரின் முகத்தில் நுரையை வழிக்க மனம் வரவில்லை. எங்கள் பேப்பர்களில் அந்தப் பக்கங்களைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஈரத்தில் மை கழன்று விரலுக்கு வரும், விரலில் இருந்து கன்னத்துக்கு வரும். ஒருநாள் காதடியில் கறுப்புக் கோட்டோடு கந்தோருக்குப் போயிருக்கிறேன்.

முடிந்த பிறகு மெல்லிய துணியால் முதுகில் இருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, துணியின் ஒரு நுனியை ஆணியடிக்குள் விட்டு எடுத்து, அரை மணித்தியாலம் திறந்தபடி காயவிடுவேன். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள் போகப் பிசுபிசுக்கும்.

மச்சான், உனக்கு இது சரிவராது, வாங்காதே. காலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே சேவ் எடுக்கிறவன் நீ. அப்படியென்றால் உன்னுடையதைத் தா என்று கேட்கிறாய் பார், அதுவும் நடக்காது.